முதல் துளைக்கு யார் செலவழிப்பது?

பூமியைத் துளைத்துப் பார்க்க ஒரு நாடு எவ்வளவு செலவழிக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் இருபது வருடங்களுக்கு மேலாக என் பிழைப்பு. தங்கத்துக்கு இவ்வளவு, செம்புக்கு இவ்வளவு, கடலுக்கடியில் பெட்ரோல் தேடியதற்கு இவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டவணை போடுவேன். ஆனால் துளை போடும் இயந்திரத்தை நான் நேரில் பார்த்ததில்லை. பெர்த் நகரத்தில் என் அலுவலகம் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. மண்ணையே வாரக்கடைசியில்தான் பார்ப்பேன். இந்தச் சின்ன விவரத்தைத் தாம்பரம் போனபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், இட்லி கொடுத்தார்கள்.

கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி, சேலையூரில், பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கும் ஓர் அடுக்ககத்தில் எனக்கும் ஒரு வீடு உண்டு. அம்மா இருந்தவரை அது வீடு. அவள் போன பிறகு ப்ராப்பர்டி. அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் நான் வாய் திறக்காத உறுப்பினன். தண்ணீர் லாரி, தெருநாய், யாருடைய கார் யாருடைய இடத்தில் என்று அங்கே நடக்கும் சண்டைகளைப் படுக்கப் போகுமுன் படிப்பேன். வேறு சிலர் நாவல் படிப்பதில்லையா, அதுபோல.

ஒருநாள் செகரட்டரி வரதன் நேரடியாகவே போன் செய்தார். பழைய போர் வற்றிவிட்டதாம். புதிதாகப் போட வேண்டுமாம். "நீங்க மைனிங்ல இருக்கீங்களாமே சார். ஒரு தடவை வந்து இடத்தைப் பார்த்துச் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்."

நான் மைனிங்கில் இல்லை, மைனிங்கைப் பற்றிய அட்டவணையில் இருக்கிறேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "எப்ப வரணும்?" என்று கேட்டேன். அந்த வருடத்தில் என்னை வரச் சொன்ன ஒரே ஆள் பல் மருத்துவர். மனைவியும் நானும் மிக நாகரிகமாகப் பிரிந்துவிட்டோம். மகள் மெல்போர்னில் இருக்கிறாள். பிறந்தநாளுக்குப் பேசுவாள், யாருடைய பிறந்தநாள் என்பது அந்தந்த வருடத்தைப் பொறுத்தது.

விமான நிலையத்திலிருந்து தாம்பரம் போவது, பெர்த்திலிருந்து சென்னைக்கு வருவதைவிடக் கடினம். ஜி.எஸ்.டி. ரோடு நிற்கிறது என்று டாக்சிக்காரர் பொழிச்சலூர் பக்கம் வண்டியைத் திருப்பினார். குறுக்குவழியாம். ஒரு சந்தில், தலைக்குமேல் ஒரு விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்க, எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு கல்யாண வேன். எங்களுக்குப் பின்னால் உலகமே. யாரும் நகர முடியவில்லை. லாரியின் அடியிலிருந்து தண்ணீர் மட்டும் தாராளமாக ஒழுகி நகர்ந்துகொண்டிருந்தது.

"ஃபாரின்ல இன்னா சார் வேலை?" என்றார் டாக்சிக்காரர்.

நேரம் இருந்ததால் விளக்கினேன்.

"அப்போ தோண்டறவரு நீங்க இல்ல."

"இல்லை."

"தோண்டுனதுல இன்னா வந்துச்சுன்னு பாக்கறவரும் நீங்க இல்ல."

"அது வேற டிபார்ட்மெண்ட்."

"செலவு ஆச்சுல்ல, அத்த மட்டும் எண்ணிக்கினு கீறீங்க." கண்ணாடியில் என்னைப் பரிவோடு பார்த்தார். "எங்க வூட்ல என் சம்சாரம் அந்த வேலையத்தான் சார் பாக்குது. சம்பளம் இல்லாம."

வீட்டைத் திறந்தேன். பூட்டிய வீடுகளுக்கென்று ஒரு வாசனை இருக்கிறது, எந்த நாட்டிலும் அதே வாசனை. சமையலறைக் குழாயைத் திருகினேன். நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டது. பெர்த்தில் கடல்நீரைக்கூடச் சுத்திகரித்துக் குழாயில் விட்டுவிடுகிறார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், ஆனால் பேச ஆள் வராது. இங்கே குழாயைத் திறந்ததும் காற்று வந்தது, கூடவே வாசலில் ஃபிலோமினா வந்தார், கையில் ஒரு வாளித் தண்ணீரோடு.

ஃபிலோமினா கீழ்வீட்டுக்காரர். இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, கேம்ப் ரோடு கடைகளுக்குக் கொடுப்பவர். அம்மாவின் கடைசி நாட்களில் அவள் சாப்பிட்டது இவர் மாவில் சுட்ட இட்லி. அம்மா போனில் இவரைப் பற்றிப் பேசுவாள். நான் 'ஊம்' போடுவேன்.

"காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபாதான் மோட்டார் சார். அதுவும் லாரி வந்தாத்தான்" என்றார். "லாரித் தண்ணில அரைச்சா மாவு மறுநாளே புளிச்சிடுது. கடைக்காரங்க ரிட்டர்ன் பண்றாங்க. இந்த போர்ல தண்ணி வரலேன்னா நான் அனகாபுத்தூர்ல தம்பி வூட்டுக்குத்தான் போவணும். தம்பி பொஞ்சாதி என்னை வேணா ஏத்துக்கும், கிரைண்டர ஏத்துக்காது." வாளியை வைத்துவிட்டு, "நீங்க வந்துட்டீங்க இல்ல, இனிமே கவலை இல்ல" என்று சொல்லிப் போனார்.

நான் அந்த வாளியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். அதில் குளிக்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று ஒரு கேள்வி எழுந்தது. பிறகு குளித்தேன்.

மறுநாள் காலைப் பலகாரம் வரதன் வீட்டில். அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். ஓய்வை இன்னும் ஏற்றுக்கொள்ளாதவர். இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். பெர்த்தில் நான் காலையில் நின்றுகொண்டே சாப்பிடுவது வழக்கம். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி தெரியும். இங்கே உட்காரவைத்து, இலை போட்டு, நான் போதும் என்று சொல்வதை அவமானமாகக் கருதும் ஒரு குடும்பமே சுற்றி நின்றது. இட்லிகள் ஏற ஏற என் நிபுணத்துவமும் ஏறியது.

"பொதுவா எப்படி சார், ஒரு நாடு எப்ப தோண்டும், எப்ப நிறுத்தும்?" என்று ஆரம்பித்துவைத்தார் வரதன்.

இருபது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. அவிழ்த்துவிட்டேன். தோண்டுவதற்கும் மண்ணுக்குள் இருப்பதற்கும் பெரிய சம்பந்தமில்லை, விலைக்கும் தோண்டுவதற்கும்தான் சம்பந்தம் என்றேன். தங்கம் ஏறினால் தங்கத்துக்குத் துளை போடுவார்கள். பேட்டரி வண்டி வருகிறது என்றதும் லித்தியத்துக்கு ஓடினார்கள். விலை சரிந்ததும் மிஷினை மடக்கிக்கொண்டு போனார்கள். பெட்ரோல் தேடும் செலவு ஒரு காலத்தில் எங்கள் அட்டவணையின் மாப்பிள்ளை, இப்போது பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று: புது இடத்தில் தேடுகிறேன் என்று எல்லாரும் மேடையில் பேசுவார்கள். காசு என்னவோ ஏற்கனவே கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் விழும்.

"நம்ம நாடு?"

"செலவு பண்ணுது. ஆஸ்திரேலியாவோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி. இப்பத்தான் கூட்டப் பார்க்கிறாங்க. முதல் துளைய யார் போடறதுங்கறதுதான் பிரச்சினை. அரசாங்கம் போட்டுக் காட்டட்டும்னு கம்பெனிக்காரன் சொல்வான். கம்பெனிக்காரன் வரட்டும்னு அரசாங்கம் சொல்லும்."

வரதன் தொடையில் தட்டினார். "அட, நம்ம மாடிக்காரங்க!"

விஷயம் அதுதான். மேல் மாடி வீடுகளின் சொந்தக்காரர்கள் துபாய், பெங்களூர், சிங்கப்பூர் என்று இருப்பவர்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். குடியிருப்பவர்கள் கேன் தண்ணீரில் காலம் தள்ளும் இளைஞர்கள். தண்ணீர் இல்லையென்றால் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள், சண்டைகூடப் போட மாட்டார்கள். 'தண்ணி வரட்டும், எங்க பங்கை உடனே அனுப்பிடறோம்' என்பது சொந்தக்காரர்களின் நிலைப்பாடு.

"தண்ணி வந்தப்புறம் எல்லாருமே குடுப்பாங்க சார். உலகம் பூரா அப்படித்தான்" என்றேன்.

"அதத்தான் நீங்க அவங்களுக்குச் சொல்லணும்" என்றார் வரதன், ஏழாவது இட்லியை வைத்தபடி.

அடுத்த நாள் யாரும் கூப்பிடவில்லை. வேலை நாள்; எல்லாருக்கும் வேலை இருந்தது. பால்கனியில் நின்று தெருவைப் பார்த்தேன். தெரு என்னைப் பார்க்கவில்லை. சரி, ஊர் சுற்றலாம் என்று கிளம்பி, தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து வண்டலூரில் இறங்கினேன். சிறுவயதில் அப்பா அம்மாவோடு உயிரியல் பூங்காவுக்கு வந்த ஞாபகம். வாசலில் கூட்டமே இல்லை. ஊர் முன்னேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு டிக்கெட் கேட்டேன்.

"செவ்வாக்கெழமை லீவு சார்" என்றார் காவலாளி. "யாரும் சொல்லலியா?"

சொல்வதற்கு யாரும் இல்லை என்பதை ஒரு காவலாளியிடம் எப்படிச் சொல்வது? "தெரியும், சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன். அவர் மூடியிருந்த கதவை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தார். உள்ளே எங்கோ தூரத்தில் ஏதோ ஒரு விலங்கு குரல் கொடுத்தது. அதுவும் லீவு நாளில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் கத்தியிருக்க வேண்டும்.

திரும்பும்போது தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். சேலையூர் என்று சொல்லித்தான் ஏறினேன். ஆறு பேருக்கு நடுவில் செருகப்பட்டதில் எந்தப் பக்கம் தெரு என்றே தெரியவில்லை, மேடவாக்கத்தில் இறக்கிவிட்டார்கள். வழியெல்லாம் பக்கத்தில் இருந்த பெண்மணியின் கூடை என் மடியில் இருந்தது. உள்ளே வஞ்சிர மீன். அன்று முழுதும் என்னை யாராவது தொட்டது அந்த ஆட்டோவில்தான். அதனால் நான் அவசரப்பட்டு இறங்கவில்லை என்றும் சொல்லலாம்.

நீரோட்டம் பார்ப்பவர் மறுநாள் காலையில் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய். வளாகத்தைச் சுற்றி மெதுவாக நடந்தார். பின்னால் வரதன், அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் வீட்டில் இருந்த அத்தனை பேரும். ஃபிலோமினாவின் கிரைண்டர் அறைக்கு வெளியே, முருங்கை மரத்தடியில், தேங்காய் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

எல்லோரும் தேங்காயைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நான் குனிந்து கொஞ்சம் மண் எடுத்தேன். விரலில் தேய்த்தேன். எதற்குத் தேய்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகர்ந்துகூடப் பார்த்தேன். ஃபிலோமினா அரிசி களைந்து கொட்டும் இடம். கஞ்சி வாசனை வந்தது. "ம்" என்றேன்.

"சார் ஓகே சொல்லிட்டாரு!" என்றார் வரதன். உடனே கைபேசியை நீட்டி, வெளியூர் உரிமையாளர்களுக்காக இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். முருங்கை மரத்துக்கு முன்னால் நின்று, ஆஸ்திரேலியாவில் இம்மாதிரி அமைப்புகளில் நல்ல பலன் கிடைத்திருப்பதாகப் பேசினேன். எம்மாதிரி அமைப்பு என்று நான் சொல்லவில்லை. அதை அங்கே யாரும் கேட்கவும் இல்லை. சாயங்காலத்துக்குள் துபாய், பெங்களூர், சிங்கப்பூர் எல்லாம் பணம் அனுப்பிவிட்டன. வருடக்கணக்காக நகராத முதலீட்டை ஒரு தேங்காயும் நானும் நகர்த்திவிட்டோம். எங்களில் தேங்காய்க்காவது ஏதோ தெரிந்திருக்கலாம்.

போர் வண்டி வரும் நாள் காலையில் ஃபிலோமினா தோசையோடு வந்தார். தன் பங்கைக் கொடுக்க அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. காது வெறுமையாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நான் துளை போடற மிஷினையே பார்த்ததில்ல."

"அதான் இன்னிக்கு வருதே சார், பாருங்க. தோசை ஆறுது, சாப்பிடுங்க."

வந்தது. திருச்செங்கோட்டு வண்டி. தெருவின் அகலத்தைவிட அதன் அகலம் ஒரு விரற்கடைதான் குறைவு. கேபிள் ஒயர்களைக் கொம்பால் தூக்கிப் பிடித்து, இரண்டு பைக்குகளை அலாக்காகத் தூக்கி நகர்த்தி, முருங்கையின் ஒரு கிளையைப் பலி கொடுத்து உள்ளே கொண்டுவந்தார்கள். எலுமிச்சை, கற்பூரம், பூசணிக்காய். பிறகு கம்ப்ரஸர் அலறத் தொடங்கியதும் அந்தத் தெருவில் பேச்சு என்பது முடிவுக்கு வந்தது.

இருபது வருடமாக நான் எண்களாகப் பார்த்த விஷயம் இதுதானா என்று வாயைப் பிளந்து நின்றேன். வாய்க்குள் தாம்பரம் போயிற்று. கொஞ்சம் மண், அப்புறம் பாறை, அப்புறமும் பாறை. சாம்பல் நிற மாவு புகையாய்ப் பொங்கி முருங்கைமேலும் கார்கள்மேலும் என்மேலும் படிந்தது. ஃபிலோமினா வாசற்படியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருக்கும் மாவோடுதான் பழக்கம். இந்த மாவை அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பேசிவைத்த ஆழம் வந்தது. புழுதி அப்படியே வறட்சியாக வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். திடீர் அமைதியில் எங்கோ ஒரு குக்கர் விசிலடித்தது.

"ஏனுங்க, நிறுத்திக்கலாமுங்களா, இன்னும் போலாமுங்களா?" வரதனிடம்தான் கேட்டார். வரதன் என் பக்கம் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள்.

என் அட்டவணையில் இந்த இடத்துக்குக் கட்டமே கிடையாது. தொடர்ந்து போய்க் கண்டெடுத்தவனும் தொடர்ந்து போய்த் திவாலானவனும் அங்கே ஒரே பத்தியில், ஒரே எழுத்தில் இருப்பார்கள். ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரித்துச் சொல்ல நான் எப்போதும் முயன்றதில்லை. அவர்கள் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்ததும் இல்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "நான் கணக்கு எழுதறவன். துளை போட எவ்வளவு செலவாச்சுன்னு மட்டும் எழுதுவேன். தண்ணி இருக்கா இல்லையான்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு மண்ணை மோந்தேனே, அதுகூட நடிப்புதான்."

கல்லெறிவார்கள் என்று எதிர்பார்த்தேன்; பக்கத்திலேயே நிறையக் கல்லும் கிடந்தது. யாரும் அதிர்ச்சியடையவில்லை. வரதன் தோளில் விழுந்த புழுதியைத் தட்டிக்கொண்டார். எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஃபிலோமினாதான் பேசினார். "தெரியாதுன்னா, இல்லேன்னு அர்த்தம் இல்லியே சார். இன்னும் கொஞ்சம் போட்டுப் பாக்கலாம்."

"காசு?" என்றார் வரதன்.

"இதுக்கு மேல போற ஆழம் என் செலவு" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. பூமியைத் துளைக்க நானே செலவு செய்வது வாழ்நாளில் அதுதான் முதல்முறை. ஆழத்துக்கு எல்லையும் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் படிவம் நிரப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ராடு மேல் ராடாகச் சொருகினார்கள். மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. புகை மெல்ல மெல்ல நிறம் மாறியது. முதலில் கொஞ்சம் கறுத்தது, பிறகு கனத்தது, பிறகு புகையாக எழும்பாமல் சேறாக விழுந்தது. வண்டிக்காரர் கையை உயர்த்தினார். சாம்பல் நிறத்தில் ஒரு பீச்சல் எழுந்து முருங்கையை நனைத்தது. மாடியில் கேன் தண்ணீர் இளைஞர்கள் விசிலடித்தார்கள்.

"பெருசா ஓட்டமில்லீங்க. ஆனா தண்ணி நின்னு வருமுங்க" என்றார் வண்டிக்காரர்.

ஃபிலோமினா அந்தக் கலங்கலைக் கையில் ஏந்தி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். "உப்பு இல்ல" என்றார். அழவில்லை, எனக்கு நன்றி சொல்லவில்லை. உள்ளே போய் அரிசியை அளந்து ஊறப்போட ஆரம்பித்தார். வாசலிலிருந்தே அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு அது போதுமானதாக இருந்தது என்று எழுத ஆசை. உண்மையில், கூப்பிட்டு ஒரு காபி கொடுப்பார் என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

பெர்த் திரும்பி அந்தக் காலாண்டு அட்டவணையை முடித்தேன். தங்கம் ஏற்றம், பெட்ரோல் மந்தம், மற்றதெல்லாம் ஏறத்தாழ. ஒன்பதாவது மாடியிலிருந்து பார்த்தால் எல்லாத் துளைகளும் ஒன்றுபோலத்தான். சேலையூர்த் துளை எந்த நாட்டுக் கணக்கிலும் சேராது என்பது தெரிந்தும் ஒரு தடவை மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். சட்டையை மூன்று தடவை துவைத்தும் காலரில் சாம்பல் போகவில்லை. நான் ரொம்ப முயன்றேன் என்று சொல்ல முடியாது.

வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிலோமினாவுக்குப் போன் செய்தேன். மாவு இப்போது இரண்டு நாள் தாங்குகிறதாம். புதிதாக ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கடை கேட்கிறதாம். அனகாபுத்தூர்ப் பேச்சே இல்லை. பின்னணியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், கேட்டிருக்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன். "அக்கா, அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னப்ப யாருமே ஆச்சரியப்படலியே, ஏன்?"

"அது எல்லாருக்கும் தெரியுமே சார். உங்கம்மாவே சொல்லிக்கீறாங்களே, எம்புள்ள ஆபீஸ்ல கணக்குதான் எழுதுறான்னு. மேல் மாடிக்காரங்க நாங்க சொன்னா காசு எடுக்க மாட்டாங்க. ஃபாரின்லேர்ந்து ஒருத்தர் வந்து சொன்னாத்தான் எடுப்பாங்க. அதுக்குத்தான் வரதன் சார் ஆள் தேடினாரு."

"அதனாலதான் என்னைக் கூப்பிட்டாரா?"

"இல்ல சார், மொதல்ல துபாய் சாரத்தான் கூப்ட்டாரு. அவரு பெட்ரோல் கம்பெனில கேண்டீன் மேனேஜரு. லீவு இல்லன்னுட்டாரு. அப்பறந்தான், நீங்க எப்பவும் ஃப்ரீயாத்தான் கீறீங்கன்னு யாரோ சொன்னாங்க."